இலந்தையை ஏளனம் செய்வோர் யார்?

இலந்தைப்பழம் என்றாலே சில கனவான்களுக்கு இளக்காரம். "கூடையில் கொட்டி விற்கும் காட்டுப்பழம் அது, ஆப்பிள் தின்றால்தான் உடம்பு தேறும்" என்று உபதேசிக்கிறார்கள். நாள் கூலியில் ஆப்பிள் வாங்கிவிட்டால் அடுப்பில் எதைப் போடுவது என்பதை மட்டும் சொல்வதில்லை!

கணக்கைப் பார்ப்போம். 100 கிராம் இலந்தைப்பழத்தில் சுமார் 70 மில்லிகிராம் 'சி' வைட்டமின் இருக்கிறது. ஆப்பிளில் 10 மில்லிகிராம்கூடத் தேறாது. இந்தச் சத்து அறவே குறைந்தால் ஈறு வீங்கி ரத்தம் கசியும்; புண் ஆறாது. கேழ்வரகிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு ஏற்கத் துணை நிற்பதும் இதுவே. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நாற்று நடும் பெண்ணும் ஆலையில் நூற்கும் பெண்ணும் இந்தக் கணக்கில் இல்லையா? இவர்களுக்கு ஏளனம்தான் பதிலா?

நாட்டு இலந்தையில் கொட்டை பெரிது, சதை குறைவு என்பது உண்மை. காயவைத்து இலந்தை வடை இடித்தால் 'சி' வைட்டமின் குறையும் என்பதும் உண்மை. ஆனால் அதே நாட்டு மரத்தில் நல்ல ரகத்தின் மொட்டை ஒட்டினால் சதைப்பற்றுள்ள பெரிய பழம் காய்க்கும். ராஜஸ்தானிலும் குஜராத்திலும் வறண்ட நிலத்தில் தோட்டப் பயிராகவே வளர்க்கிறார்கள். ஆழ வேரோடி, மழை பொய்த்தாலும் பிழைத்து நிற்கும் மரம் இது.

இந்த மரம் நிற்கும் மேய்ச்சல் நிலத்தைத்தான் 'தரிசு' என்கிறார்கள். யாருக்குத் தரிசு? அதன் தழையை ஆடு தின்கிறது, முள் வேலியாகிறது, பழம் பிள்ளைகளின் வாய்க்குப் போகிறது. வளைத்துப் போட நினைப்பவனுக்கு மட்டுமே அது தரிசு!

இன்னொரு கூட்டமும் உண்டு. "ஏழைக்குக் காட்டுப்பழமே போதும்" என்று நாளை சொல்லும். அவர்களிடமும் எச்சரிக்கை தேவை. இலந்தை கூலிக்கு ஈடல்ல; பருப்புக்கும் பாலுக்கும் ஈடல்ல. பழத்தைப் புகழ்ந்து கூலியை வெட்டும் தந்திரத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது.

ஆகவே கேட்போம்: ஊர்ப் பொது நிலம் ஊருக்கே இருக்கட்டும். ஒட்டுக்கன்று இலவசமாக வரட்டும். பழம் பழுக்கும் மாதங்களில் சத்துணவுத் தட்டில் இலந்தையும் இருக்கட்டும். பறிக்கும் பெண்ணுக்கு நியாய விலை கிடைக்கட்டும். இது பிச்சையல்ல, நமது உரிமை!