பொலிஸ்காரர் எழுதும் துப்பறியும் கதையை நம்பலாமா?

வேலையில் இருக்கிற ஒரு பொலிஸ் அதிகாரி துப்பறியும் நாவல் எழுதினால் வாசிப்பீங்களா? திருகோணமலையில் யாரிட்டக் கேட்டாலும் அநேகமாக ரெண்டு பதில்தான் வரும். ஒண்டு, "அவையள் எழுதுறது எல்லாமே கதைதானே, இதில புதுசா என்ன?" மற்றது, "உள்ளுக்கை நடக்கிறது அவருக்குத்தானே தெரியும், சரியா எழுதுவார்." ரெண்டுமே எனக்குப் போதவில்லை. ஆனால் முதலாவது பகிடிக்குள் ஒரு உண்மை இருக்கு, அதிலிருந்து தொடங்கலாம்.

பொலிஸ் வேலையில் பாதி எழுத்து வேலை. முறைப்பாடு எழுதுவது, வாக்குமூலம் எழுதுவது, நீதவானுக்கு அறிக்கை எழுதுவது. துறைமுகப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது நல்லாத் தெரியும். வலை அறுந்த சம்மாட்டியோ சைக்கிள் களவு போன பெடியனோ தமிழில் சொல்ல, மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சிங்களத்தில் எழுதுவார். பிறகு இன்னொருவர் அதைத் தமிழில் சுருக்கிச் சொல்லுவார். கீழே கையெழுத்து. சொன்னவரின் கதை, எழுதினவரின் வசனம்.

சைக்கிள் களவுக்கு இது பெரிய விசயமில்லை. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் இது உயிர்ப் பிரச்சினை ஆகியது. சாதாரண சட்டப்படி பொலிசாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை நீதிமன்றத்தில் சாட்சியமாக எடுக்க முடியாது. இந்தச் சட்டத்தில், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்திருந்தால் எடுக்கலாம். அது வற்புறுத்தி வாங்கியது என்று நிரூபிக்கிற பாரமும் கையெழுத்து வைத்தவரின் தலையில். தன்னுடைய பெயரில், தனக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்ட கதைக்காக வருசக்கணக்கில் உள்ளே இருந்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே "பொலிஸ்காரர் ஒரு எழுத்தாளர்" என்பது எங்களுக்குப் புதுச் செய்தி இல்லை. அந்த எழுத்தை அவரே சந்தேகிக்கிறாரா என்பதுதான் செய்தி.

உலகத்தில் இப்படி எழுதினவர்கள் நிறையப் பேர். கல்கத்தா பொலிசின் துப்பறியும் பிரிவில் முப்பது வருசத்துக்கு மேல் வேலை செய்த பிரியநாத் முகோபாத்யாய் 1892இலேயே 'தாரோகார் தப்தர்' என்று தன் வழக்குகளை வங்காளியில் மாதாமாதம் கதையாக வெளியிடத் தொடங்கிவிட்டார். இருநூறுக்கு மேல் எழுதினார். சரித்திரத்துக்கு அது பொக்கிசம். வாசிக்கும்போது எனக்கு உறுத்துவது என்னவென்றால், கோவை மூடப்படும்போது கதையும் பெரும்பாலும் மூடிவிடுகிறது. கோவை பிழையாக இருந்தால் என்ன என்ற கேள்வி எழும்ப இடமில்லை.

ஜோசப் வம்போ வேறு மாதிரி. லொஸ் ஏஞ்சலிஸ் பொலிசில் 1960 முதல் 1974 வரை இருந்தவர். சார்ஜன்டாக இருந்துகொண்டே 'தி நியூ செஞ்சூரியன்ஸ்' எழுதினார். மேலிடத்துக்கு அது பிடிக்கவில்லை. புத்தகங்கள் விற்ற விற்பனையில், விசாரிக்கப் போன இடத்தில் சந்தேகநபர்களே ஓட்டோகிராப் கேட்கத் தொடங்க, இனி இந்த வேலை சரிவராது என்று விலகினார். எல்லாரும் சொல்லுகிற கதை இது. எனக்கு முக்கியம் 1973இல் வந்த 'தி ஒனியன் ஃபீல்ட்'. உண்மைச் சம்பவம். 1963இல் இரண்டு பொலிஸ்காரர்கள் கடத்தப்படுகிறார்கள், ஒருவர் கொல்லப்படுகிறார், மற்றவர் தப்பி ஓடிவருகிறார். தப்பினவரை அவருடைய திணைக்களமே எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்தது என்பதை வம்போ எழுதினார். துவக்கை ஏன் விட்டுக்கொடுத்தாய் என்று கேட்டுக் கேட்டே அந்த மனிதனை முடித்துவிட்டார்கள். வெளியில் இருந்து வருகிறவருக்கு யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். உள்ளே இருக்கிறவருக்குத்தான் தெரியும் என்ற இரண்டாவது பதிலுக்கு இந்த அளவுக்கு நான் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் உள்ளே இருப்பவர் தன்னுடைய ஆட்களின் வலியை எழுதுவது ஒன்று, தன்னுடைய ஆட்கள் கொடுத்த வலியை எழுதுவது இன்னொன்று. இரண்டாவதற்கு எனக்குத் தெரிந்த பெரிய உதாரணம் இந்தியாவின் விபூதி நாராயண் ராய். இந்தியப் பொலிஸ் சேவை அதிகாரி, ஹிந்தி நாவலாசிரியர். அலகாபாத் கலவரத்தைக் கண்ட பிறகு அவர் எழுதிய 'ஷெஹர் மே கர்ஃப்யூ' சின்ன நாவல்தான். ஊரடங்கு நாட்களில் ஒரு ஏழை முஸ்லிம் குடும்பத்தில் நோயாளிக் குழந்தை செத்துப்போகிறது. ஊரடங்கு என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. அந்த ஊரடங்கை அமுல்படுத்துகிற சீருடைக்குள் இருந்தவர், வீட்டுக்குள்ளே இருந்து அதைப் பார்க்கிறார். எனக்கு அதுதான் ஆச்சரியம்.

1987 மே 22 இரவு. ராய் காசியாபாத்தின் பொலிஸ் அத்தியட்சகர். மீரட் நகரின் ஹாஷிம்புராவில் இருந்து முஸ்லிம் ஆண்களை ஆயுதப் பொலிசார் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து கால்வாய்க் கரைகளில் சுட்டுத் தள்ளினார்கள். ஏறத்தாழ நாற்பது பேர். செய்தி கேட்ட ராய் அந்த இரவே கால்வாய்க்குப் போனார், உயிரோடு யாரும் இருக்கிறார்களா என்று தேடினார், அந்த ஆயுதப் பொலிசார் மீதே வழக்குப் பதியவைத்தார். 2015இல் விசாரணை நீதிமன்றம் எல்லாரையும் விடுவித்தது. 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதை மாற்றி 16 பேருக்கு ஆயுள்தண்டனை கொடுத்தது. 31 வருசம். அந்த இரவையும் அதற்குப் பிறகான இழுத்தடிப்பையும் ராய் தனிப் புத்தகமாகவே எழுதினார். (ராய் ஒன்றும் மகாத்மா இல்லை. 2010இல் பெண் எழுத்தாளர்களைப் பற்றிக் கேவலமாகப் பேசி, எதிர்ப்பு வந்த பிறகு மன்னிப்புக் கேட்டவர். ஒரு இடத்தில் நிமிர்ந்து நின்றவர் எல்லா இடத்திலும் நிற்பார் என்றில்லை.)

தமிழில் என்று பார்த்தால் திலகவதி இருக்கிறார். தமிழ்நாட்டின் முதல் பெண் ஐ.பி.எஸ். அதிகாரி. கட்டடத் தொழிலாளர்களைப் பற்றிய 'கல்மரம்' நாவலுக்கு 2005இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. கொலை, கொள்ளை எழுதுவார் என்று எதிர்பார்த்தால் கல் சுமக்கிறவர்களை எழுதினார். எனக்கு அது பிடிக்கும். ஆனால் பொலிஸ் நிலையத்தின் உட்சுவரைத் தமிழில் எழுதியது ஒரு ஓட்டோக்காரர். கோயம்புத்தூர் மு. சந்திரகுமாரின் 'லாக்கப்', 2006. எண்பதுகளில் குண்டூரில் செய்யாத குற்றத்துக்குப் பிடிபட்டு, ஒப்புக்கொள் என்று நாட்கணக்கில் அடிபட்டவர். வெற்றிமாறனின் 'விசாரணை'யின் முதற்பாதி அதுதான். படத்தை எல்லாரும் பார்த்தாச்சு, புத்தகத்தை வாசித்தவர்கள் குறைவு.

இனி எங்கட ஊர். 2006 ஜனவரி 2, கடற்கரையில் காந்தி சிலைக்குக் கிட்ட ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். இப்போது நான் இருக்கிற வயதுதான் அவர்களுக்கு. குண்டு கொண்டுவந்தார்கள், அது வெடித்துச் செத்தார்கள் என்பது முதலில் சொல்லப்பட்ட கதை. ஊடகவியலாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெரிந்தன. அதே மாதம் 24ஆம் திகதி திருகோணமலையிலேயே அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். 2019 ஜூலையில், விசேட அதிரடிப்படையினர் உள்ளிட்ட 13 பேரும் போதிய சாட்சியம் இல்லை என்று நீதவான் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள். இது எந்தத் துப்பறியும் நாவலின் இலக்கணத்துக்குள்ளும் அடங்காது. பிணம் இருக்கு, இடம் இருக்கு, நேரம் இருக்கு, படம்கூட இருக்கு. கடைசி அத்தியாயம் இல்லை.

இலங்கைப் பொலிஸ் அதிகாரிகளின் புத்தகங்களாக என் கைக்கு வந்தவை ஓய்வுபெற்ற பிறகு எழுதிய நினைவுக்குறிப்புகள். அவற்றில் எழுதினவர் எப்போதும் சரியாகவே நடந்துகொள்கிறார், பிழைவிட்டது எப்போதும் வேறு யாரோ. நாவலில் அப்படித் தப்ப ஏலாது. நாவல் என்றால் முறைப்பாடு எழுதினவரின் தலைக்குள்ளும் போகவேண்டும், சொன்னவரின் தலைக்குள்ளும் போகவேண்டும்.

உள்துறைமுகப் பக்கம் வேலை செய்கிற ஒரு கான்ஸ்டபிளை யோசித்துப் பாருங்கள். குருநாகலில் இருந்து மாற்றலில் வந்தவர், தமிழ் நாலு சொல்லுத் தெரியும். டைனமைட் போட்டு மீன் பிடிக்கிறவர்களை யார் காப்பாற்றுகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். ஒரு தாய் வந்து அரை மணித்தியாலம் அழுது சொன்னதை மூன்று வரியில் எழுதினவர் அவர்தான். அந்த மூன்று வரிக்குள் எது வராமல் போனது என்று எங்களுக்குத் தெரியாது, அவருக்கு ஒருவேளை தெரியும். அதை அவர் சிங்களத்தில் எழுதினாலும் பரவாயில்லை, நான் மொழிபெயர்ப்பில் காசு கொடுத்து வாங்கி வாசிப்பேன். ஆனால் கொலைகாரனைப் பிடித்து, கோவையை மூடி, தேத்தண்ணி குடிக்கிற கதை என்றால் வேண்டாம். அந்த வகையை ராஜேஷ்குமார் இதைவிடச் சுவையாக எழுதுவார்.

அதுவரைக்கும் வாசிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் 'லாக்கப்', பிறகு ராய், கடைசியாக வம்போ. வம்போவில் தொடங்கினீங்கள் என்றால் அந்தப் பகிடிகளுக்குச் சிரித்துச் சிரித்தே விசாரணை அறையைத் தாண்டிப் போய்விடுவீங்கள். சந்திரகுமாருக்குப் பிறகு வாசித்தால், அவர் ஒவ்வொரு முறை அந்த அறைக் கதவைச் சாத்தும்போதும் உள்ளுக்கை யார் நிற்கிறார் என்று தேடுவீங்கள்.