பேச்சுக்கு யாரும் வேலை தருவதில்லை

"இங்கிலீஷ் சரளமா வந்துட்டா போதும், வேலை தானா வரும்." பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு தொடங்கியதும் மாணவர் காதில் அதிகம் விழுவது இந்த அறிவுரைதான். அப்பா சொல்கிறார், பக்கத்து வீட்டு அண்ணன் சொல்கிறான், கல்லூரியின் பிளேஸ்மென்ட் அதிகாரியும் சொல்கிறார். ஊரே ஒரு குரலில் சொல்வதால் இதை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. இது பொய். குடும்பத்தில் முதல் முறையாகப் பட்டம் வாங்கப் போகும் பிள்ளைகளை இந்தப் பொய்தான் அதிகம் வதைக்கிறது.

இந்த நம்பிக்கையின் பெயரில் நடக்கும் பயிற்சியைப் பாருங்கள். 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' என்றால் ஒப்பிக்க ஒரு பத்தி. பலம் எது, பலவீனம் எது, ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பாய் என்பதற்கெல்லாம் எழுதிக் கொடுத்த பதில்கள். வகுப்பு முழுக்க ஒரே பலம், ஒரே பலவீனம். ரெஸ்யூமின் உச்சியில் இருக்கும் 'அப்ஜெக்டிவ்' வரிகூட ஐம்பது பேருக்கும் எழுத்து மாறாமல் ஒன்றே. டை கட்டுவது, கை குலுக்குவது, கண்ணைப் பார்த்துப் பேசுவது என்று வாரக்கணக்கில் ஓடுகிறது. அதற்காகப் பறிபோவது பெரும்பாலும் ஆய்வகத்தின் நேரம்.

வேலைக்கு ஆள் எடுக்கும் வரிசை வேறு மாதிரி இருக்கிறது. பெரிய மென்பொருள் சேவை நிறுவனங்களில் முதல் சுற்று கணினித் தேர்வு: கணக்கு, தர்க்கம், வாசித்துப் புரிந்துகொள்ளுதல், நிரல் எழுதுதல். வந்தவர்களில் பெரும்பகுதி அங்கேயே கழிந்துவிடுகிறது. அவர்கள் குரலை எந்த அதிகாரியும் கேட்டதே இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்து, "எனக்கு இங்கிலீஷ் வரல, அதான் கிடைக்கல" என்கிறார்கள். சதவீதக் கணக்கில் விழுந்த பிள்ளை, தன் தாய்மொழியின் மேல் பழி போட்டுக்கொள்கிறது. அடுத்த மாதம் அப்பா கடன் வாங்கி ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்க்கிறார்.

ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தின் தேர்வு முறை மாணவர்களிடையே பிரசித்தம். எழுத்துத் தேர்வு, சின்னச் சின்ன நிரல்கள், அதன்பின் மணிக்கணக்கில் உட்கார்ந்து ரயில் முன்பதிவு, டாக்சி முன்பதிவு போல ஒன்றை முழுதாகக் கட்டும் சுற்று. எச்ஆர் அதிகாரியைப் பார்ப்பது கடைசியில். ஒரே இருக்கையை இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்டால் உன் நிரல் யாருக்குக் கொடுக்கும்? இந்தக் கேள்வியின் முன் சரளமான ஆங்கிலம் என்ன செய்துவிட முடியும்?

உண்மையில் பல பேருக்கு நேர்காணல் முறிவது 'உங்கள் ப்ராஜெக்டைச் சொல்லுங்கள்' என்ற இடத்தில். முதல் இரண்டு நிமிடம் மனப்பாடம் கைகொடுக்கும். "இந்தத் தகவலை ஏன் தனி டேபிளில் வைத்தீர்கள்?" என்று அடுத்த கேள்வி வந்ததும் மௌனம். காரணம், அந்த ப்ராஜெக்ட் காசு கொடுத்து வாங்கியது. நேர்காண்பவர் பார்த்தது ஆங்கிலக் குறையை அல்ல. செய்யாத வேலையைச் செய்ததாகச் சொன்னதை. ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் ஆலைகளுக்குப் போகும் மெக்கானிக்கல் மாணவர் நிலையும் இதுதான். வெர்னியர் காலிப்பரைக் கையில் கொடுத்து ஒரு துண்டை அளக்கச் சொன்னால், 0.02 மில்லிமீட்டர் வரை படிக்கத் தெரிய வேண்டும். வரைபடத்தில் குறித்திருக்கும் டாலரன்ஸுக்குள் அந்தத் துண்டு அடங்குகிறதா என்று சொல்லத் தெரிய வேண்டும். அதைத் தமிழும் ஆங்கிலமும் கலந்து சொன்னாலும் ஆலைக்காரருக்குப் புரியும்.

பேச்சில் மயங்கி ஆள் எடுக்கும் அதிகாரிகளே இல்லையா என்றால், இருக்கிறார்கள். அந்த மயக்கம் எவ்வளவு நம்பத்தகாதது என்பதற்கு ஹூஸ்டனில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஒரு சான்று உண்டு. 1979-ல் அங்கே நேர்காணல் நடத்தி மாணவர்களைத் தேர்ந்தெடுத்த பிறகு, இன்னும் 50 பேரைச் சேர்க்கும்படி மாநிலச் சட்டமன்றம் சொல்லிவிட்டது. நேர்காணலில் பின்தங்கி ஒதுக்கப்பட்டவர்களையே சேர்க்க வேண்டியதாயிற்று. படிப்பிலும் சரி, பின்னர் மருத்துவமனைப் பயிற்சியிலும் சரி, முதலில் தேர்வானவர்களுக்கும் இவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை.

நேர்காணலின் இந்தக் குறையை இன்னும் முன்னதாகவே உணர்ந்தவர் டேனியல் கானமன். 2002-ல் பொருளாதார நோபல் பெற்றவர். 1950-களில் இஸ்ரேல் ராணுவத்தில் இளம் அதிகாரியாக இருந்தபோது ஆள்தேர்வு முறையை மாற்றியமைத்தார். "ஆள் எப்படித் தோன்றுகிறார் என்று பார்க்காதீர்கள், இதுவரை என்ன செய்திருக்கிறார் என்று கேளுங்கள்" என்பதுதான் அவர் செய்த மாற்றத்தின் சாரம். எத்தனை வேலை பார்த்தார், எவ்வளவு ஒழுங்காகப் போனார், விளையாட்டில் ஈடுபட்டாரா என்று எல்லோரிடமும் ஒரே வகைக் கேள்விகள். ஒவ்வொரு குணத்துக்கும் தனித்தனி மதிப்பெண். கணிப்பு முன்பைவிடத் தேறியது. இன்று பல நிறுவனங்கள் 'ஒரு சிக்கல் வந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்?' என்று கேட்பது இந்த வழியில்தான்.

அப்படிக் கேட்டால் சொல்ல நம் பிள்ளைகளிடம் ஏராளம் இருக்கிறது. அப்பாவின் மளிகைக் கடைக் கடன் கணக்கை எக்செல்லில் ஏற்றி, யார் எவ்வளவு பாக்கி என்று மாதா மாதம் எடுத்துக் கொடுக்கும் பெண், அதை ரெஸ்யூமில் எழுதக் கூச்சப்படுகிறாள். விடுமுறையில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில் வேலை பார்த்த பையன் அதை மறைக்கிறான். எழுதிக் கொடுத்த பலம், பலவீனத்தை மனப்பாடம் செய்ய வைத்தவர்கள், இவர்களிடம் "நீ இதுவரை என்ன செஞ்சிருக்கே, சொல்லும்மா" என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. எனக்குத் தாங்க முடியாத கோபம் இதன் மேல்தான்.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளரோடு தொலைபேசியில் பேசும் வேலைக்கு அது கட்டாயம். மற்ற வேலைகளுக்கும் கேட்டதைப் புரிந்துகொண்டு, தெரிந்ததைச் சின்னச் சின்ன வாக்கியத்தில் சொல்லும் அளவுக்கு வேண்டும். தான் செய்த ஒன்றைப் பற்றித் தினமும் நண்பனிடம் விளக்கினாலே அந்த அளவு வந்துவிடும். வார்த்தை வராத இடத்தில் ஒரு தாளைக் கேட்டு வாங்கி, படம் போட்டுக் காட்டலாம். அதை எந்த நல்ல நேர்காண்பவரும் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

கல்லூரிகள் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று சாலையோரம் பலகை வைக்கின்றன. எந்தச் சுற்றில் எத்தனை பேர் கழிந்தார்கள் என்ற பட்டியலும் பிளேஸ்மென்ட் அதிகாரியிடம் இருக்கும். பெற்றோர் கூட்டத்தில் அதைக் கேட்டு வாங்குங்கள். கணினித் தேர்வில் எத்தனை பேர், நிரல் எழுதும் சுற்றில் எத்தனை பேர், எச்ஆர் சுற்றில் எத்தனை பேர் என்று பார்த்துவிட்டு, பயிற்சிக் கட்டணம் எதற்கு வாங்குகிறார்கள் என்று அங்கேயே கேளுங்கள்.