முழம் போட்டு வாங்கும் ட்யூப்

இந்த வாரம் பெட்ரோல் ட்யூப்பைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் வீட்டில், "வேற விஷயமே கிடைக்கலையா?" என்றார்கள். நிறையக் கிடைத்தது. ஆனால் என் அக்கா மகனின் உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம் இது ஒன்றுதான்.

பையன் இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 ஒன்றை வாங்கி, வேண்டாததையெல்லாம் கழற்றி எலும்புக்கூடாக்கி, இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டப் போகிறான். (ஈ.சி.ஆர். ரோட்டில் பறப்பதைவிட அது நூறு மடங்கு உத்தமம் என்று அக்காவிடம் சிபாரிசு செய்தவனே நான்தான்.) பி.காம். படித்த மாமா என்பதால் செலவுக் கணக்கை என்னிடம் காட்டினான். சைலன்சர், பிஸ்டன், டயர், ஸ்டிக்கர் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரி. பெட்ரோல் ட்யூப் மட்டும் கடைசியில், 'இதர செலவுகள்' என்ற தலைப்பில்.

'இதர செலவுகள்' என்று பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வரும். வில்லங்கமெல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

யோசித்துப் பாருங்கள். மேலே டேங்க். கீழே கொதிக்கிற என்ஜின், பழுக்கிற சைலன்சர், பொறி விடும் ப்ளக். பெட்ரோலோ மைனஸ் 40 டிகிரிக் குளிரில்கூட பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடுகிற சரக்கு. அந்த ஆவி காற்றைவிடக் கனம். மேலே பறந்து போகாமல் கீழேயே மண்டிக்கொண்டிருக்கும். நெருப்புக்கும் பெட்ரோலுக்கும் நடுவே நிற்பது ஒரு சாண் ட்யூப்.

ஜி.பி. ரோட்டுக்குப் போனோம். கடைக்காரர் மல்லிகைப்பூ மாதிரி முழம் போட்டு அளந்தார்.

"ரேஸ் வண்டியா தம்பி? கலர்ல போடுங்க. சிவப்பு, நீலம், மஞ்சள்... உள்ளே பெட்ரோல் ஓடுறது தெரியும், கும்முனு இருக்கும்."

"எதுல செஞ்சதுங்க?" என்றேன்.

"ட்யூபுதான் சார்!"

இதற்கு மேல் பதில் வராது. அந்த மாதிரி ட்யூப் பெரும்பாலும் பி.வி.சி. இயல்பில் விறைப்பான ஆசாமி. வளைந்து கொடுப்பதற்காக எண்ணெய் மாதிரி ஒரு சமாசாரத்தைச் சேர்க்கிறார்கள். பெட்ரோல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு போய்விடும். சில மாதங்களில் ட்யூப் சுருங்கி, விறைத்து, ஒருநாள் என்ஜின் அதிர்வில் விரிசல் விடும். பெட்ரோலுக்கென்றே செய்த நல்ல கண்ணாடி ட்யூபும் உண்டு. ஆனால் மீன் தொட்டி ட்யூபுக்கும் அதற்கும் வெளிப்பார்வைக்கு வித்தியாசம் தெரியாது.

"அப்ப சிலிக்கான் போடலாமா மாமா? ரேடியேட்டருக்கு அதானே போடறாங்க?"

வெந்நீருக்கு சிலிக்கான் ராஜா. பெட்ரோலில் ஊறினால் பூரி மாதிரி உப்பிவிடும். ஆவியையும் வெளியே விடும்.

கடைசியில் ராயப்பேட்டையில் ஒரு பெரியவரிடம் போனோம். சோழவரத்தில், உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த நாளிலேயே ஸ்பானர் பிடித்தவர். பையன் கொண்டுபோன ட்யூப்பை வாங்கி, பிளேடால் நீளவாக்கில் கிழித்து, உள்பக்கத்தை விரலால் தடவினார்.

"வெளியே பார்த்து வாங்கக் கூடாது சார். சம்பந்தம் பேசற மாதிரி. உள்ளே எப்படின்னு விசாரிக்கணும்."

விசாரித்தோம். கறுப்பு ரப்பர் ட்யூபில் சாதாரணமானது நைட்ரைல். பல வருஷமாக நம் வண்டிகளுக்கு அது போதுமாக இருந்தது. 2023-ல் இருந்து பங்குகளில் படிப்படியாக வந்த இ20 பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால். அதற்கென்று செய்யாத பழைய ரப்பர்கள் அதில் ஊறி உப்பலாம், வெடிக்கலாம். ஆகவே உள்பக்கம் ஃப்ளூரோ ரப்பர் பூசியது உத்தமம். வைட்டான் என்ற பெயரில் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

கண்டுபிடிப்பது எப்படி? நல்ல ட்யூபின் முதுகில் அச்சடித்திருக்கும். எஸ்.ஏ.இ. 30ஆர்7 என்றிருந்தால் கார்ப்பரேட்டர் வண்டிக்கு, 50 பி.எஸ்.ஐ. அழுத்தம் வரை தாங்கும். 30ஆர்9 என்றிருந்தால் இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு, 100 பி.எஸ்.ஐ. வரை. ஒன்றுமே அச்சடிக்காத ட்யூப், கையெழுத்தில்லாத செக்.

ஏன் இரண்டு தினுசு என்றால், ஆர்எக்ஸ் 100 போன்ற வண்டியில் பெட்ரோல் தன் எடையிலேயே இறங்குகிறது. அழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ.கூடத் தேறாது. ஓட்டை விழுந்தால் சொட்டும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் பம்பு தள்ளும் அழுத்தம் பொதுவாக 43 பி.எஸ்.ஐ. பக்கம், அதாவது உங்கள் பைக் டயரில் இருக்கும் காற்றைவிட அதிகம். அதில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் சொட்டாது. கல்யாண வீட்டுப் பன்னீர் மாதிரி தெளிக்கும், சூடான என்ஜின் மேல்.

பையன் விடவில்லை. "ஸ்டீல் வலை பின்னின ட்யூப் போட்டா?"

போடலாம், உள்ளே டெஃப்லான் இருந்தால். சிலவற்றில் உள்ளே மட்ட ரப்பர்தான். அது வெடித்தாலும் பளபளக்கும் வலை மறைத்துவிடும். போதாக்குறைக்கு அந்த வலை ஒரு அரம். அதிர்வில் பக்கத்து ஒயரையும் அலுமினியத்தையும் அறுத்துக்கொண்டே இருக்கும். உரசும் இடத்தில் உறை போட வேண்டும்.

அப்புறம் பெரியவர் சட்டைக் கையை மடித்து, முழங்கைக்குக் கீழே ஒரு பழைய தழும்பைக் காட்டினார்.

"க்ளிப்பு சார். ட்யூப் நல்ல ட்யூப்புதான். க்ளிப்புக்குப் பதிலா கட்டுக்கம்பி சுத்தியிருந்தேன்."

பையன் அதுவரை செல்போனை நோண்டிக்கொண்டிருந்தான். சட்டைப் பையில் போட்டான்.

அவர் சொன்ன க்ளிப் பாடம் இது. கட்டுக்கம்பி ட்யூப்பை அறுக்கும். பிளாஸ்டிக் டை சூட்டில் தளரும். பட்டையில் வரிவரியாகத் துளை போட்ட ஸ்க்ரூ க்ளிப், மெல்லிய ட்யூப்பை அந்தத் துளைகளாலேயே கடிக்கும். உள்பக்கம் வழவழப்பான, ட்யூபின் சுற்றளவுக்குச் சரியான க்ளிப்தான் வேண்டும். ட்யூபும் பைப்பின் அளவுக்கே இருக்க வேண்டும். பெரிய ட்யூப்பைப் போட்டுவிட்டு க்ளிப்பை முறுக்கிச் சரிக்கட்டக் கூடாது. விறைப்பாக இழுத்து மாட்டினால் அதிர்வில் கழன்றுவிடும். நீளமாக விட்டால் தொங்கி சைலன்சரைத் தொடும்.

ரேஸ் வண்டி விழும். விழாமல் பழகியவர் யாருமில்லை. விழுந்தால் பல இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் ஒரு சென்சார் பம்பை நிறுத்திவிடும். ஆர்எக்ஸ் 100-ல் அந்த உபகாரம் கிடையாது. ட்யூப் அறுந்தால், யாராவது ஓடிவந்து டேப்பை மூடும்வரை டேங்கில் இருப்பது ரோட்டில் இறங்கிக்கொண்டே இருக்கும்.

2021 ஆகஸ்டில் ஆஸ்திரியாவில் நடந்த மோட்டோ ஜிபி பந்தயத்தில் டேனி பெட்ரோசா விழுந்தார். கிடந்த அவர் வண்டி மீது லொரென்சோ சவதோரி மோதினார். டிராக்கின் நடுவே தீப்பந்து. பந்தயத்தை நிறுத்தினார்கள். பெட்ரோசா பிழைத்து, மறுபடி தொடங்கிய பந்தயத்தில் 10-வதாக வந்தார். சவதோரிக்குக் கணுக்கால் முறிந்தது. அப்படிப்பட்ட மோதலில் எந்த ட்யூபும் காப்பாற்றாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாதாரணமாகச் சறுக்கி விழும் பையன் எழுந்து, தூசி தட்டிக்கொண்டு நடந்து வருவதில் இந்த ஒரு சாணுக்குப் பங்குண்டு.

எங்கள் காமர்ஸில் தேய்மானம் என்று ஒரு கணக்கு உண்டு. மேஜைக்கு இத்தனை சதவிகிதம், மெஷினுக்கு இத்தனை என்று. பந்தய வண்டியின் ட்யூபுக்கு என் சிபாரிசு வருஷத்துக்கு 100 சதவிகிதம். மாட்டிய தேதியை அதன் மேலேயே எழுதிவிடுங்கள். சீசன் முடிந்ததும் கழற்றிப் போடுங்கள், நன்றாக இருந்தாலும்.

பந்தயத்துக்குப் போகாத நீங்களும் ஒரு காரியம் செய்யலாம். நாளைக் காலை, என்ஜின் ஆறியிருக்கும்போது, உங்கள் பழைய ஸ்கூட்டரின் பெட்ரோல் ட்யூப்பை நுனியில் லேசாக வளைத்துப் பாருங்கள். மெல்லிய கோடுகள் தெரிந்தால் அன்றைக்கே மெக்கானிக். நிறுத்திவைத்த வண்டியிலிருந்து வாசனை வந்தாலும் அப்படியே.

"எனக்கு பெட்ரோல் வாசனைன்னா ரொம்பப் பிடிக்கும்" என்று மூச்சை இழுத்துக்கொண்டு நிற்காதீர்கள்.