மூன்று குளிசையா, ஒரு குளிசையா? வெற்றிச் செய்திக்குப் பின்னாலுள்ள கணக்கு

அம்மாவின் கிளினிக் கொப்பியில் பிறஷருக்கு மட்டும் மூன்று குளிசைகள். "மூண்டையும் ஒண்டாக்கித் தரமாட்டினமோ?" என்று ஒருநாள் கேட்டார். பதில் தேடப் போனபோதுதான், மருந்துச் செய்திகளை நான் எவ்வளவு மேலோட்டமாக எழுதி வந்திருக்கிறேன் என்பது புரிந்தது.

அம்மாவின் கேள்வி இலங்கையிலேயே பரிசோதிக்கப்பட்டிருக்கிறது. டெல்மிசார்டன், அம்லோடிபின், குளோர்தாலிடோன் ஆகிய மூன்றையும் குறைந்த அளவில் ஒரே குளிசையாக்கி, 2016–2017இல் இங்குள்ள வைத்தியசாலைக் கிளினிக்குகளில் 700 பேரிடம் ஆய்வு நடந்தது. ஆறு மாதங்களில், அந்தக் குளிசையை எடுத்தவர்களில் 70 வீதமானோர் இரத்த அழுத்த இலக்கை எட்டினர். வழமையான சிகிச்சை பெற்றவர்களில் 55 வீதமானோர்.

இந்த எண்ணை ஏன் நம்பலாம்? பிரதான கேள்வி ஒன்றுதான். அதுவும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது. பயனில்லாத மருந்து தற்செயலாகப் பயனுள்ளதாகத் தோன்றிவிடும் வாய்ப்பை ஆய்வாளர்கள் வழமையாக 5 வீதத்துக்குள் வைத்திருப்பார்கள். ஆனால் அது ஒரு கேள்விக்குரிய கணக்கு. ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 கேள்விகளைக் கேட்டால், ஒன்றிலாவது பொய் வெற்றி கிடைக்கும் வாய்ப்பு 64 வீதமாகிவிடும். அதனால்தான் 5 வீதத்தை 20ஆல் வகுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் 0.25 வீதம் என்று வரம்பை இறுக்குகிறார்கள். இது பொன்ஃபெரோனி முறை.

கூட்டு மருந்தில் இன்னொரு சிக்கல் உண்டு. மூன்றும் தேவைதானா, இரண்டு போதாதா? 2024இல் வெளியான ஆய்வொன்றில், குளோர்தாலிடோனுக்குப் பதிலாக இண்டபமைட் சேர்ந்த குளிசை, இரண்டு இரண்டு மருந்துகளாகச் சேர்த்த மூன்று சேர்க்கைகளுடனும் ஒப்பிடப்பட்டது. இலங்கையரும் அதில் பங்கேற்றனர். மூன்றையும் வென்றால் மட்டுமே வெற்றி என்பதால் இங்கே 5 வீதத்தைப் பிரிக்கத் தேவையில்லை. ஏதாவதொன்றை வென்றால் போதும் என்றிருந்தால் பிரித்தே ஆகவேண்டும். அந்தக் குளிசை மூன்றையும் வென்றது. 2025இல் அமெரிக்கா அதற்கு அனுமதியளித்தது.

விடுவித்த காணியின் ஏக்கர் கணக்கைச் சொல்லி, விடுவிக்காததைச் சொல்லாமல் விடும் அறிக்கைகளை வாசித்துப் பழகியவர்கள் நாங்கள். 'மீதி எங்கே?' என்று கேட்கத் தெரிந்த எங்களுக்கு மருந்துச் செய்தியிலும் அதையே கேட்கலாம். எத்தனை ஒப்பீடுகள் செய்தார்கள்? வென்றதை மட்டும் காட்டுகிறார்களா?

"ஒரே குளிசை சரிவருமாம் அம்மா. ஆனா உங்கட மருந்தை மாத்துறதெண்டா கிளினிக் டொக்டர்தான் சொல்லவேணும்" என்றேன்.

"எங்கட கிளினிக்குக்கு அது எப்ப வரும்?" என்றார். அதற்கு என்னிடம் கணக்கில்லை.