பரணில் கிடக்கும் வாழைமர நோட்டு

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் வந்த பிறகு மண்ணூர்பேட்டை, பாடி, கொரட்டூர் பக்கம் குடியேறிய வெளியூர்க் குடும்பங்கள் ஏராளம். தஞ்சாவூர், நாகப்பட்டினம், ராமநாதபுரம், சிவகங்கை என்று எங்கெங்கிருந்தோ வேலைக்காக வந்தவர்கள். அப்படி வந்த குடும்பங்கள் சிலவற்றில் தாத்தாவோ, தாத்தாவின் அண்ணனோ 'மலேயாவில் இருந்தவர்' என்று சொல்லக் கேட்கலாம். நாகப்பட்டினத்தில் ரஜூலா போன்ற கப்பலில் ஏறி பினாங்கில் இறங்கியவர்கள் அவர்கள்.

அந்த மாதிரி வீட்டில் போகிக்குப் பரணை ஒழிக்கும்போது, துருப்பிடித்த டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு நோட்டுக் கட்டு வெளியே வரலாம். நோட்டில் வாழைமரமும் குலையும் இருக்கும். 'ஜப்பானிய அரசாங்கம்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். பார்த்தவுடன் வீட்டில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இது எத்தனை லட்சம் போகும்?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். லட்சம் போகாது, சாதாரண நோட்டு என்றால் ஆயிரம் போவதே அபூர்வம். அதற்காக அதைக் குப்பையில் போட்டுவிடவும் வேண்டாம். காரணம் இருக்கிறது.

வாழைமரம் வந்த கதை

1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை மலேயாவின் கோத்தா பாரு கரையில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூரும் விழுந்தது. அதுவரை பிரிட்டிஷ்காரர்களின் மலேயா டாலர் புழங்கிய இடத்தில், ஜப்பானியர் தாங்கள் அச்சடித்த டாலரைப் புழக்கத்தில் விட்டார்கள். பழைய டாலரும் புது டாலரும் சமம் என்று உத்தரவு. ஒரு சென்ட்டிலிருந்து ஆயிரம் டாலர் வரை ஒன்பது மதிப்புகளில் நோட்டு வந்தது. பத்து டாலரில் வாழைமரம், ஆயிரம் டாலரில் மாட்டு வண்டி. பத்து டாலர் நோட்டுதான் ஜனங்கள் மனதில் நின்றது. அதனால் எல்லாவற்றுக்குமே 'வாழைமர நோட்டு' என்று பெயர் வந்துவிட்டது.

அந்த நோட்டுக்குப் பின்னால் தங்கமோ வெள்ளியோ இல்லை; அச்சு இயந்திரம் மட்டுமே இருந்தது. தேவைப்பட்டபோதெல்லாம் அடித்தார்கள். முதலில் வரிசை எண் போட்டார்கள். பிறகு அதையும் விட்டுவிட்டு வெறும் எழுத்துகளோடு நிறுத்திக்கொண்டார்கள். பணம் பெருகப் பெருக அரிசி விலை ஏறியது. கடைசிக் காலத்தில் கை நிறைய நோட்டு கொண்டுபோனாலும் பை நிறையச் சாமான் வாங்க முடியாத நிலை. மரவள்ளிக்கிழங்கைத் தின்றுதான் பல குடும்பங்கள் உயிர் பிழைத்தன.

1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்தார்கள். வாழைமர நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். மூன்றரை வருடம் சேர்த்த காசு வெறும் காகிதமாகிப்போனது.

இது யாருடைய கூலி?

ரப்பர் தோட்டத் தமிழர்களுக்கு இந்த நஷ்டம் இரட்டிப்பானது. போர் வந்ததும் ரப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டத்தில் வேலை இல்லை. அந்த நேரத்தில்தான் சயாம் - பர்மா ரயில் பாதைக்கு ஆள் எடுத்தார்கள். நாளுக்கு ஒரு டாலர் கூலி, சாப்பாடு, குடியிருக்க இடம் என்றெல்லாம் ஆசை காட்டினார்கள். போனவர்கள் பலர், பிடித்துப் போகப்பட்டவர்களும் பலர். சுமார் 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். அதனால்தான் அதற்கு 'மரண ரயில்' என்று பெயர்.

இந்தப் பின்னணியோடு அந்தக் கட்டை மறுபடி எடுத்துப் பாருங்கள். அது யாரோ ஒருவர் வெயிலில் நின்று சம்பாதித்த கூலியாக இருக்கலாம். பாட்டி நகையை விற்று வாங்கிய பணமாகவும் இருக்கலாம். என்றாவது ஒருநாள் யாராவது மாற்றித் தருவார்கள் என்று நம்பித்தான் கடல் தாண்டிக் கொண்டுவந்திருப்பார்கள். யாரும் மாற்றித் தரவில்லை.

பக்கத்து நாடுகளிலும் பஞ்சம்

போர்க்கால அவசர நோட்டு மலேயாவோடு நிற்கவில்லை. பர்மாவுக்கு ஜப்பானியர் ரூபாய் கணக்கில் தனி நோட்டு அடித்தார்கள். பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் பெட்டிகளில் அது இருக்கக்கூடும்.

இலங்கையில் கதை வேறு. அங்கே ஆட்சி மாறவில்லை; சில்லறைதான் கிடைக்கவில்லை. அதனால் 1942-ல் அந்த அரசாங்கம் ஐந்து சென்ட் நோட்டு ஒன்றை வெளியிட்டது. தபால்தலை போல நடுவில் ஓட்டை வரிசை இருக்கும். கிழித்தால் ஒரு துண்டு இரண்டு சென்ட், மறு துண்டு மூன்று சென்ட்! கிழிக்காத முழு நோட்டைச் சேகரிப்பாளர்கள் ஆசையோடு தேடுவார்கள்.

நம் ஊரிலும் வெள்ளித் தட்டுப்பாடு வந்தது. 1940 ஆகஸ்டில் ஒரு ரூபாய் நோட்டு மீண்டும் வந்தது. 1943 மார்ச்சில் இரண்டு ரூபாய் நோட்டு வந்தது. இவையும் அவசரத்துக்குப் பிறந்தவைதான். ஆனால் வெளியிட்ட அரசாங்கம் அவற்றைக் கைவிடவில்லை. வாழைமர நோட்டை வெளியிட்ட அரசாங்கம் போரில் தோற்றது. வைத்திருந்தவன் தெருவில் நின்றான்.

கையில் இருப்பது எது?

நோட்டில் 'எம்' என்ற ஆங்கில எழுத்து முதலில் வந்தால் மலேயா. 'பி' என்றால் பர்மா. எழுத்தோடு வரிசை எண்ணும் இருந்தால் அது முந்தைய அச்சு. அதற்கு மதிப்பு கொஞ்சம் கூடுதல். மடிப்பு விழாத நோட்டுக்கும் அப்படியே. பிற்காலத்தில் அடித்த போலி நகல்களும் சந்தையில் உண்டு. இன்றைய வெள்ளைக் காகிதம் புறஊதா விளக்கில் பளிச்சென்று நீலமாக ஒளிரும். பழைய காகிதம் மங்கலாகவே இருக்கும். ரூபாய் நோட்டைப் பரிசோதிக்கும் சின்ன விளக்கே இதற்குப் போதும்.

நோட்டைத் தண்ணீரில் கழுவாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். கிழிசலில் செல்லோடேப் ஒட்டினால் சில வருடங்களில் பழுப்புக் கறை இறங்கிவிடும். சாதாரண பிளாஸ்டிக் உறையும் நாளாக நாளாகப் பிசுபிசுக்கும். நோட்டு சேகரிப்பவர்களுக்கென்று விற்கும் பாலியெஸ்டர் உறையில் போட்டு, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள். நம் ஊர்ப் புழுக்கமும் ராமபாணப் பூச்சியும் காகிதத்துக்கு எமன்.

வலை விரிப்பவர்கள் உண்டு

'பழைய நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் வரியும் கமிஷனும் கட்டுங்கள்' என்று அழைப்பு வந்தால் ஏமாற்று வேலை என்று புரிந்துகொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது. பழைய நோட்டு வாங்குவதும் விற்பதும் தன் வேலை அல்ல, அதற்குக் கமிஷன் கேட்பதும் இல்லை, தன் பெயரில் வசூலிக்க யாருக்கும் அனுமதி தரவும் இல்லை என்பது அதன் விளக்கம். ஓய்வூதியத்தில் இருக்கும் பெரியவர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழைத்துப் புகார் செய்யுங்கள்.

விலை சொல்ல முடியாத பகுதி

ஒரே மாதிரி வாழைமர நோட்டு ஆயிரக்கணக்கில் கிடைக்கும். ஆனால் 'இது எங்கள் தாத்தா இன்ன தோட்டத்தில் மரம் வெட்டிச் சம்பாதித்தது' என்று சொல்லக்கூடிய நோட்டு அந்த வீட்டில் மட்டும்தான் இருக்கும். எந்த ஊர், எந்தத் தோட்டம், யாரோடு போனார், எப்போது திரும்பினார், யார் திரும்பவில்லை என்பதையெல்லாம் தனிக் காகிதத்தில் எழுதி, நோட்டோடு சேர்த்து வையுங்கள். நோட்டின் மேல் மட்டும் எழுதிவிடாதீர்கள். கப்பல் சீட்டு, பழைய கடிதம், பாஸ்போர்ட் இருந்தால் அவற்றையும் பிரிக்காமல் வையுங்கள்.

1942-ல் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவருக்கு இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், நோட்டை விற்பதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே அதை அவர் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.