ஓராண்டில் வெளியேறுவது யார் குற்றம்?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து உலகில் நெடுங்காலமாக ஒரு புலம்பல் கேட்கிறது. திறமை மிக்க மாணவர்கள் ஓராண்டு மட்டும் ஆடிவிட்டு, என்.பி.ஏ. என்னும் தொழில்முறைப் போட்டிக்குச் சென்றுவிடுகிறார்கள், அணிகள் நிலைகுலைகின்றன, படிப்பு பெயரளவுக்கு ஆகிவிட்டது என்பதே அது. இதில் உண்மை உண்டு. ஆனால், குற்றவாளிக் கூண்டில் மாணவரை நிறுத்துவது சரியா?

கெவின் கார்னெட் 1995-இலும், கோபி பிரையன்ட் 1996-இலும், லெப்ரான் ஜேம்ஸ் 2003-இலும் பள்ளியிலிருந்து நேராகவே என்.பி.ஏ.வில் நுழைந்தனர். 2005-ஆம் ஆண்டு என்.பி.ஏ. நிர்வாகமும் வீரர்கள் சங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தம் அந்த வழியை அடைத்தது. வீரருக்கு 19 வயது ஆகியிருக்க வேண்டும். அமெரிக்கராயின் பள்ளி முடித்து ஓராண்டு கழிந்திருக்க வேண்டும். அந்த ஓராண்டுக்கான காத்திருப்பு அறையாகக் கல்லூரிகள் மாறின. 2012-இல் தேசியப் பட்டம் வென்ற கென்டக்கி பல்கலைக்கழக அணியின் முதலாண்டு மாணவர்கள் இருவர், அதே ஆண்டு என்.பி.ஏ. வீரர் தேர்வில் முதல் இரண்டு இடங்களைப் பெற்று வெளியேறினர்.

கல்லூரிப் போட்டிகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, ஆண்கள் கூடைப்பந்துத் தொடரின் ஒளிபரப்பு உரிமையை 2010-இல் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்கு விற்றது. ஆடிய மாணவருக்கோ கல்வி உதவித்தொகைக்கு மேல் ஊதியம் கிடையாது. வாங்குபவர்கள் எல்லாரும் கூடி விலையை முன்கூட்டியே முடிவு செய்துகொண்ட சந்தை அது. அங்கே கூடுதலாகத் தங்கும் ஒவ்வோர் ஆண்டும் வீரருக்கு ஓராண்டு ஊதிய இழப்பு. காயமுற்றால் எதிர்காலமே இழப்பு.

நான் பொருளாதாரம் கற்பித்த காலத்தில், குடும்பச் சுமை காரணமாக இரண்டாம் ஆண்டிலேயே வேலைக்குச் சென்ற மாணவர்கள் உண்டு. அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று எவரும் சொன்னதில்லை. விளையாட்டு வீரரை மட்டும் ஏன் அப்படிச் சொல்ல வேண்டும்?

சந்தை மாறியதும் நடத்தையும் மாறியது. 2021 ஜூலை முதல் மாணவர்கள் தம் பெயரையும் புகழையும் கொண்டு விளம்பர வருவாய் ஈட்டலாம். 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்களே வருவாயில் பங்கு தரலாம். என்.பி.ஏ. தேர்வுக்கு முன்கூட்டியே பெயர் கொடுத்தவர்கள், வெளிநாட்டினரையும் சேர்த்து, 2021-இல் 353 பேர். 2025-இல் 106 பேர். கரோனா காலத்தில் தரப்பட்ட கூடுதல் ஆண்டுச் சலுகை 2021-ஆம் ஆண்டு எண்ணிக்கையை உயர்த்தியது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆயினும், ஊதியம் கிடைத்தால் பலர் தங்குவார்கள் என்பது தெளிவு.

இதனால் எல்லாம் சீராகிவிட்டதாகக் கருத முடியாது. இப்போது வீரர்கள் அதிக ஊதியம் தேடி ஆண்டுதோறும் கல்லூரி மாறுகிறார்கள். அணிகளின் நிலையற்ற தன்மை நீங்கவில்லை. படிப்பின் தொடர்ச்சியும் அறுபடுகிறது.

எனது கவலை, வெளியேறியும் வெற்றி பெறாதவர்களைப் பற்றியது. என்.பி.ஏ. தேர்வில் ஆண்டுக்குச் சுமார் 60 பேருக்கே இடம். அதிலும் முதல் சுற்றில் தேர்வாகிறவர்களுக்குத்தான் ஊதிய உத்தரவாதம். எஞ்சியோர் கையில் பட்டமும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை.

இவர்கள் திரும்பி வந்து படித்தால் கட்டணத்தைப் பழைய கல்லூரியே ஏற்க வேண்டும் என்று என்.சி.ஏ.ஏ. 2018-இல் விதி வகுத்தது. நல்ல விதிதான். ஆனால், வெளியேறும் முன் ஈராண்டு படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஓராண்டில் வெளியேறியவர், அதாவது மிகக் குறைவாகப் படித்தவர், அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறார்.

இந்த நிபந்தனையை நீக்க ஆகும் செலவு, ஒளிபரப்பு வருவாயோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஓராண்டு ஆட்டத்தால் ஆதாயம் பெற்ற கல்லூரி, அந்த மாணவருக்கு எஞ்சிய மூன்றாண்டுப் படிப்பைக் கடன்பட்டிருக்கிறது. அவர் எப்போது திரும்பி வந்தாலும் அந்தக் கடனைத் தீர்ப்பதே நியாயம்.