கரிசலைக் கரைக்கும் கண்ணாடி

கோவில்பட்டியில் இளைஞர்களைக் கூட்டிவைத்து வகுப்பெடுத்த மூத்த புகைப்படக்காரர் ஒருவர் (ஊர் வழக்கப்படி அண்ணாச்சி என்றே சொல்கிறேன்) மூன்று விதிகளைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். எஃப் 1.8 பிரைம் லென்ஸ் வாங்கியவன் அதன் துளையை எஃப் 1.8லேயே முழுக்கத் திறந்து வைக்க வேண்டும், மூடினால் கொடுத்த காசு தண்டம். 50 மில்லிமீட்டர் என்பது மனிதக் கண்ணின் பார்வை. பின்னணி கரைந்தால்தான் படத்தில் ஆள் எடுபடுவான். மூன்றும் தவறு. இவற்றை நம்பிப் பையன்கள் பாழாக்கிக் கொண்டுவரும் படங்களைப் பார்த்தபின் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது.

காசுக் கணக்கிலிருந்தே தொடங்கலாம். கலப்பை ஆழமாக இறங்கும் என்பதற்காகக் களையெடுக்கவும் கலப்பையைக் கட்டுகிற சம்சாரியைக் கரிசலில் எங்கேனும் பார்த்ததுண்டா? சித்திரை உச்சி வெயிலில், ஐஎஸ்ஓ 100 வைத்து எஃப் 1.8ஐத் திறந்தால் ஷட்டர் 1/8000 நொடிக்கு ஓட வேண்டும். பையன்கள் கையிலிருக்கும் கேமராக்களில் பல 1/4000க்கு மேல் போகாதவை. வெளிச்சம் இரட்டிப்பாக விழுந்து, வேட்டியின் மடிப்பும் நெற்றியின் வியர்வையும் வெள்ளைத் திட்டாகிப் போகின்றன. அதற்கு அண்ணாச்சி சொல்லும் மருந்து, முன்னால் ஒரு கறுப்பு ஃபில்டர். கூடுதல் வெளிச்சம் பிடிக்கும் என்று சொல்லி ஒரு கண்ணாடியை வாங்கவைத்து, அந்த வெளிச்சத்தை மறைக்க இன்னொரு கண்ணாடியையும் வாங்கச் சொல்கிறவருக்குத் தன் வாதம் தன்னையே வெட்டுவது எப்படிக் கண்ணில் படாமல் போகிறது? போதாததற்கு, இந்த வகை மலிவு லென்ஸ்களில் பெரும்பாலானவை முழுக்கத் திறந்த நிலையில் விளிம்பில் சொதசொதவென்றிருக்கும். ஒன்றிரண்டு ஸ்டாப் மூடினால்தான் கூர்மை ஏறும்.

அப்படியானால் அகன்ற துளைக்கு எங்கே வேலை? கடலை மிட்டாய்க் கூடத்துக்குள் வாருங்கள். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் அது. அது உருவாகும் இடமோ பலசமயம் புகையடைந்த சுவரும் ஒற்றை ஜன்னலும்தான். வெல்லப்பாகு பதம் வந்து, கடலையைக் கொட்டிக் கிண்டி, இறுகுவதற்குள் பலகையில் பரப்பியாக வேண்டும். அந்தக் கை யாருக்காகவும் நிற்காது. கேமராவோடு வந்த ஜூம் லென்ஸ் 50 மில்லிமீட்டரில் எஃப் 5.6தான் தரும். அங்கே 1/12 நொடி கேட்கும் வெளிச்சத்தில், எஃப் 1.8 ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விட்டு 1/125ஐத் தருகிறது. 1/12இல் இழுபட்ட சாயலாகிவிடும் கை, 1/125இல் நகக்கண்ணில் ஒட்டிய பாகோடு கையாகவே நிற்கிறது. பெரிய துளைக்குக் கொடுத்த காசு இதற்குத்தான்.

ஆனால் அங்கேயும் அண்ணாச்சியின் பாடம் பையன்களைக் கைவிடுகிறது. நடுப்புள்ளியில் ஃபோகஸ் பிடித்து, பிறகு கேமராவைத் திருப்பி ஃபிரேம் வையுங்கள் என்கிறார். முழு ஃபிரேம் கேமராவில், ஒரு மீட்டர் தூரத்தில், எஃப் 1.8இல் கூர்மையாக நிற்பது மொத்தமே நாலு சென்டிமீட்டர்: முன்னே இரண்டு, பின்னே இரண்டு. கேமராவை 15 பாகை திருப்பினாலே ஃபோகஸ் தளம் மூன்றரை சென்டிமீட்டர் பின்னே போய்விடும். கண்ணில் பிடித்த கூர்மை காதுப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறது. பழி பாவப்பட்ட லென்ஸின் தலையில். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஃபோகஸ் புள்ளியையே கண்ணுக்கு நகர்த்துங்கள், முடிந்தது.

மனிதக் கண் பேச்சுக்கு இரண்டு வரி போதும். வகுப்பில் பலர் வைத்திருப்பது சிறிய சென்சார் கேமரா. அதில் 50 போட்டால் கிடைப்பது 75 அல்லது 80க்குரிய குறுகிய கோணம். அவர் சொல்லும் பார்வை வேண்டுமென்றால் வாங்க வேண்டியது 35.

சாட்சிக்குத் திரைப்பட இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கை இழுத்திருக்கிறார் அண்ணாச்சி. ‘பாரி லிண்டன்’ (1975) படத்துக்கு அவர் நாசாவுக்காகச் செய்யப்பட்ட எஃப் 0.7 ஸைஸ் லென்ஸைக் கொண்டுவந்தது, மெழுகுவத்தி வெளிச்சத்தில் முகங்களைப் பதிய வேறு வழியில்லை என்பதால். அதே படத்தின் பகல்வெளிக் காட்சிகளில் மலையும் மேகமும் எப்படி நிற்கின்றன என்று பார்க்க அண்ணாச்சிக்கு நேரமில்லையா? 1950 ஏப்ரலில் ரமணரின் கடைசி நாட்களைப் பதிய திருவண்ணாமலைக்கு வந்த புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெசோன், வாழ்நாளில் பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் ஒன்றையே நம்பியவர். அவர் படங்களில் சுவரும் தெருவும் நிழலும் மனிதருக்குச் சமமாகப் பேசுகின்றன.

வலிக்கும் இடத்துக்கு வருகிறேன். பின்னணி கரைந்தால் ஆள் எடுபடுவான் என்பது கல்யாண ஆல்பம் விற்கும் கணக்கு. மண்டபத்து பிளாஸ்டிக் நாற்காலிகளை மறைக்க அது உதவும், அந்தத் தொழிலில் அது நியாயமும்கூட. அந்தக் கணக்கை ‘கரிசல் மனிதர்கள்’ என்று தலைப்பிட்ட படங்களில் கொண்டுவந்து வைப்பது என்ன நேர்மை? ஒரு பாட்டியின் முகம், அதற்குப் பின்னால் பழுப்புக் கூழ். அந்தக் கூழுக்குள் இருப்பது மிளகாய் வத்தல் காயும் களமா, தீப்பெட்டி ஆபீஸ் வாசலா, பனையா, வேலிக்காத்தானா? கழுகுமலையில் சமணத் தீர்த்தங்கரர் வரிசையைச் சாய்வாக நின்று எஃப் 1.8இல் எடுத்து, ஒருவரைத் தவிர மற்றவர்களையெல்லாம் கரைத்த படத்தையும் பார்த்தேன். உளி கொண்டு ஒவ்வொருவராகச் செதுக்கியவனுக்கு நாம் காட்டும் மரியாதை இதுதானா? கி. ராஜநாராயணன் இடைசெவலை எழுதியபோது மனிதரை மட்டும் வைத்துக்கொண்டு மண்ணை அழித்துவிடவில்லை.

அண்ணாச்சி, அடுத்த வகுப்பைப் பங்குனியில் வெடித்துக் கிடக்கும் ஒரு மானாவாரிக் காட்டில் வையுங்கள். முழு ஃபிரேம் கேமராவில் அதே 50ஐ எஃப் 11க்கு மூடி, ஏழரை மீட்டரில் ஃபோகஸ் வைத்தால், நாலு மீட்டரிலிருந்து அடிவானம் வரை வெடிப்புகள் ஒவ்வொன்றும் தெரியும். பாட்டியை அந்த நாலு மீட்டருக்கு அப்பால் நிற்கச் சொல்லுங்கள். நானும் வருகிறேன்.